நரம்பும் தசையும் சந்திக்கும் இடம்

பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலம் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "மிஸ், கட்டுவிரியன் கடிச்சா வலியே தெரியாதாமே. அப்புறம் எப்படி மிஸ் மூச்சு நின்னுபோகுது?"

உழவர்கரைப் பகுதியில் வாய்க்கால் ஓரத்திலும் காலி மனைகளை ஒட்டியும் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு, மழைக்காலத்தில் பாம்பு புதிதல்ல. ஆகவே அவள் கேள்வியையே பாடமாக்கினேன்.

செயல்பாடு 1: கையைத் தொட்டு அறிதல்

மாணவர்கள் இடக்கையால் வலது மேற்கையைப் பிடித்துக்கொண்டு முழங்கையை மடக்கட்டும். முன்புறம் இருதலைத் தசை இறுகும். மேசையை உள்ளங்கையால் கீழ்நோக்கி அழுத்தினால் பின்புறம் முத்தலைத் தசை இறுகும். தசையால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. அதனால்தான் எலும்புத் தசைகள் எதிரெதிர் இணைகளாக வேலை செய்கின்றன என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

செயல்பாடு 2: சாக்பீஸ் விளையாட்டு

எட்டு மாணவர்கள் வரிசையாக நிற்கட்டும். முதல் மாணவர் தண்டுவடம். அடுத்தவர்கள் இயக்க நரம்பின் ஆக்சான். தோளில் தட்டும் தட்டு ஒவ்வொருவராகக் கடந்து செல்வதே நரம்புத் தூண்டல். கடைசி மாணவர் ஆக்சான் முனை. அவர் கையில் சாக்பீஸ் துண்டுகள். ஓரடி இடைவெளி விட்டு, கைகளைக் குவித்து நிற்பவர் தசை நார். தட்டு வந்ததும் கடைசி மாணவர் சாக்பீஸைப் போட, அது கையில் விழுந்ததும் தசை நார் கையை மடக்க வேண்டும்.

சாக்பீஸ்தான் அசிட்டைல்கோலின்; குவித்த கைகள் அதன் ஏற்பிகள். நரம்பு தசையைத் தொடுவதில்லை, இடைவெளியை வேதிப்பொருளே கடக்கிறது என்பது இங்கே விளங்கும். செய்தி கிடைத்ததும் தசை நாருக்குள் கால்சியம் வெளிப்படுகிறது. ஆக்டின் இழைகள் மயோசின் இழைகளின் மீது நழுவ, தசை சுருங்குகிறது.

இப்போது விளையாட்டைக் கெடுப்போம். கடைசி மாணவரின் சாக்பீஸைப் பிடுங்கிவிடுங்கள். தட்டு வருகிறது; தசையும் தயாராக இருக்கிறது; அசைவு இல்லை. கட்டுவிரியன் நஞ்சு முக்கியமாக இப்படித்தான் ஆக்சான் முனையைச் சேதப்படுத்துகிறது. அடுத்து, தசை நாரின் கைகளைக் காகிதத்தால் மூடுங்கள். நல்லபாம்பின் நரம்பு நஞ்சு ஏற்பிகளை அடைப்பது இவ்வாறே.

மாணவியின் கேள்விக்கு விடை

முதலில் இமைகள் தொங்கும், பேச்சு குழறும், பிறகு உதரவிதானம் முதலான சுவாசத் தசைகள் ஓயும். கடிபட்டவருக்கு நினைவு இருந்தும் கண்ணைத் திறக்க முடியாது. "தூங்குகிறார்" என்று வீட்டார் நினைப்பதுதான் ஆபத்து. இதயத் தசையோ துடிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்வது. நரம்பின் கட்டளைக்குக் காத்திராது. ஆகவே செயற்கைச் சுவாசம் கொடுத்து உயிரைக் காக்க முடிகிறது.

நஞ்சுமுறி மருந்து இரத்தத்தில் உள்ள நஞ்சை முறிக்கும். சேதமான நரம்பு முனையைச் சரிசெய்யாது. அது மீண்டும் வளர நாட்கள் ஆகும். அதனால்தான் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். இம்மருந்துக்குத் தேவையான நஞ்சைச் சேகரித்துத் தருவதில், சென்னை செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியிலுள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு (1978) பெரும்பங்கு உண்டு. இதையும் வகுப்பில் சொல்லுங்கள்.

வீட்டுக்கு எடுத்துச் செல்ல

• தரையில் படுக்காமல் கட்டிலில், கொசுவலைக்குள் படுத்தல்.
• கடிவாயைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்தல்.
• வலி இல்லை என்று காத்திராமல் உடனே 108-ஐ அழைத்தல். செயற்கைச் சுவாச வசதியுள்ள ஜிப்மர் நம் பகுதியிலேயே இருக்கிறது.

மதிப்பீடு

1. தசை கெடாமலே அசைவு நிற்பது எப்படி?
2. மூச்சு நின்ற பின்னும் இதயம் சிறிது நேரம் துடிப்பது ஏன்?
3. காலையில் ஒருவர் வயிற்றுவலியோடு எழுகிறார், இமைகள் தொங்குகின்றன. நீங்கள் என்ன செய்வீர்கள்?

மூன்றாம் கேள்விக்குச் சரியாக விடை எழுதாத ஒரு மாணவரையும் விட்டுவிடாதீர்கள். மதிப்பெண்ணுக்காக அல்ல.