முப்பது மடங்கு பொய்!
(மலிவு விலையில் நல்ல பைனாகுலர் வாங்குவது எப்படி?)



குந்தா என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது மின்நிலையம்தான். எங்களுக்கோ தேயிலையும், சோலையும், விடியற்காலையில் எழுப்பிவிடும் பறவைகளும்தான் குந்தா. என் அப்பாவும் அம்மாவும் எஸ்டேட் தொழிலாளர்கள். குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். ஆகவே எது வாங்குவதானாலும், "டிப்ளமோ படிக்கிற பையன், அவனே பாத்து வாங்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பெருமையில் நான் 1,100 ரூபாயைத் தொலைத்த கதையையும், அதில் கற்ற பாடத்தையும் இங்கே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். ஆறாவது படிக்கும் என் தங்கைக்கு அதில் ஆசை. லீவில் வேலை செய்து சேர்த்த பணத்தில், ரோட்டோரக் கடை ஒன்றில் '30×60' என்று போட்டிருந்த மடக்கு பைனாகுலரை வாங்கிக் கொடுத்தேன். முப்பது மடங்கு என்றால் சும்மாவா!

இரண்டு வாரம் கழித்து அவள் அழாத குறையாகச் சொன்னாள்: "அண்ணா, எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. தலை வலிக்குது. என் கண்ணுலதான் ஏதோ கோளாறு."

அம்மா பயந்துபோய் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோளாறு கண்ணில் இல்லை என்றால் வேறு எதில்?

எண்களின் அர்த்தம்

பைனாகுலரை லேபுக்கு எடுத்து வந்தேன். 8×40 என்றால் உருவத்தை 8 மடங்கு பெரிதாக்கும், முன்பக்க லென்சின் விட்டம் 40 மி.மீ. என்று பொருள். அப்படியானால் 30×60-க்கு முன் லென்ஸ் 60 மி.மீ. இருக்க வேண்டும் அல்லவா? வெர்னியர் காலிப்பரில் அளந்தேன். வெறும் 22 மி.மீ!

பிறகு கண் லென்சை முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, முன்பக்கத்தை வானத்தை நோக்கித் திருப்பினேன். கண் லென்சில் ஒரு சிறு ஒளிவட்டம் தெரியும். அதன் விட்டம் சுமார் 2.7 மி.மீ. முன் லென்சின் விட்டத்தை இந்த ஒளிவட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைத்துவிடும். 22-ஐ 2.7-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8. முப்பது எங்கே, எட்டு எங்கே!

இந்த ஒளிவட்டம் மிகவும் முக்கியம். பகல் வெளிச்சத்தில் நம் கண்மணி 2 முதல் 3 மி.மீ. வரைதான் திறந்திருக்கும். சோலைக்குள்ளும் மூடுபனியிலும் அது அகலமாக விரியும். 8×40-ல் ஒளிவட்டம் 5 மி.மீ.; 10×25-ல் 2.5 மி.மீ.தான். நம் ஊர் மங்கலுக்கு எது ஏற்றது என்று நீங்களே சொல்லுங்கள். மேலும், மடங்கு கூடக்கூடக் கை நடுக்கமும் அத்தனை மடங்காகத் தெரியும், பார்க்கும் பரப்பும் குறுகும். பறவை பார்க்க 7 அல்லது 8 மடங்கே போதும். 'ஜூம்' வேண்டவே வேண்டாம்.

கடையிலேயே செய்யும் சோதனைகள்

1. ஸ்கேலைக் கையோடு கொண்டு போங்கள். முன் லென்சை அளந்து, போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

2. ஒரு கண்ணால் பைனாகுலர் வழியாகவும் மறு கண்ணால் நேராகவும் செங்கல் சுவரைப் பாருங்கள். பெரிதாகத் தெரியும் ஒரு செங்கல், நேரில் தெரியும் எத்தனை செங்கல் உயரத்தை மறைக்கிறதோ அதுவே உருப்பெருக்கம்.

3. தூரத்துக் கம்பம் ஒன்றை இரு கண்ணாலும் பாருங்கள். இரண்டாகத் தெரிந்தால் இரு குழல்களும் இணையாக இல்லை. தங்கையின் தலைவலிக்குக் காரணம் இதுவே.

4. லென்ஸ் சிவப்பாகப் பளபளத்தால் ஏமாறாதீர்கள். அது சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். செம்மீசைச் சின்னானின் கன்னத்துச் சிவப்பும் மங்கிப் போகும்.

5. ஒளிவட்டம் முழு வட்டமாக இருந்தால் நல்ல பட்டகம். ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம் போலத் தெரிந்தால் மட்டம்.

இதில் இரண்டு வகை உண்டு. குழல் வளைந்து தோள்பட்டை போல இருப்பது போரோ வகை. இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854-இல் காப்புரிமை பெற்ற பட்டக அமைப்பு அது. நேர்க்குழலாக இருப்பது கூரைப் பட்டக வகை. குறைந்த விலையில் போரோதான் தெளிவு.

குழந்தைகளுக்கு

குழந்தைகளின் இரு கண்களுக்கும் இடைவெளி குறைவு. குழல்கள் போதிய அளவு நெருங்கி வருகின்றனவா என்று குழந்தையையே பார்க்கச் சொல்லி வாங்குங்கள். எடையும் முக்கியம், 8×40 சின்னக் கழுத்துக்குப் பாரம். 6×30 அல்லது 8×30 நல்லது. கண்ணாடி அணிபவர்களுக்குக் கண் லென்சிலிருந்து 15 மி.மீ. தள்ளி வைத்தாலும் முழுக்காட்சி தெரிய வேண்டும். சூரியனை மட்டும் எக்காரணம் கொண்டும் பார்க்கக் கூடாது. கண்ணே போய்விடும்!

மழைக்கால எச்சரிக்கை

2019 ஆகஸ்டில் நம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது நினைவிருக்கிறதா? இந்த ஈரத்தில் லென்சில் பூஞ்சை பிடித்துவிடும். பையிலேயே பூட்டி வைக்காமல், மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். தூசியை முதலில் ஊதிவிட்டு, பிறகு மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். சட்டை நுனி கூடாது!

முடிவாக

மறுபடி பணம் சேர்த்து, நாலாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு 8×30 போரோ வாங்கினேன். இந்த முறை பையில் ஸ்கேல் இருந்தது. கடைக்காரர் முறைத்தார். முறைக்கட்டுமே!

நம்மைப் போல முதன்முதலாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது புரியாவிட்டால், சரியாகத் தெரியாவிட்டால், குறை நம்மிடம்தான் என்று நினைத்துவிடுகிறோம். என் தங்கையும் அப்படித்தான் நினைத்தாள். நண்பர்களே, முதலில் கருவியை அளந்து பாருங்கள்!

போன ஞாயிற்றுக்கிழமை லைன் வீட்டுக்குப் பின்னால் உள்ள சோலை ஓரத்தில் நீலகிரி சிரிப்பான் ஒன்று கத்தியது. நம் மலையை விட்டால் உலகில் வேறெங்கும் காண முடியாத பறவை அது. தங்கை பைனாகுலரைத் தூக்கினாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணா, அதுக்குப் புருவம் வெள்ளையா இருக்கு!"

- இரண்டாமாண்டு, இயந்திரவியல் பிரிவு