திருப்பதிக்கு இலகு ரயில்: ஒரு வாசகருக்குக் கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வேலைக்குப் போய்வரும் நீங்கள், இந்த வழியில் இலகு ரயில் வராதா என்று கேட்டிருந்தீர்கள். வர வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். ஆனால் சித்தூர் வரைக்கும் அல்ல.

இலகு ரயில் கிலோமீட்டருக்கு ஒரு தரம் நின்று போகிற வண்டி. 70 கிலோமீட்டர் தூரத்துக்கு அது சரிப்படாது. உங்களுக்கான பாதை ஏற்கெனவே இருக்கிறது. காட்பாடி – பாகாலா – திருப்பதி ஒற்றைப் பாதையில் 104 கிலோமீட்டரை, சுமார் 1,332 கோடி ரூபாயில் இரட்டிப்பாக்க 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்துவிட்டது. காலையும் மாலையும் மெமு வண்டி வேண்டும் என்று இப்போதே கேட்டு வையுங்கள். கேட்காவிட்டால் புதுப் பாதையையும் சரக்கு வண்டிகளும் எக்ஸ்பிரஸ்களும் நிரப்பிவிடும்.

இலகு ரயில் தேவைப்படுவது திருப்பதி ஊருக்குள். இலவச தரிசன டோக்கன் தரும் இடங்களைப் பாருங்கள்: விஷ்ணு நிவாசம் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஸ்ரீநிவாசம் பஸ் நிலையத்தருகே, பூதேவி வளாகம் மலையடிவாரமான அலிபிரியில். ஊரின் நெரிசல் முழுவதும் இந்த மூன்றுக்கும் இடையில்தான். அலுவலகம் திறக்கும் நேரத்தைவிட டோக்கன் கவுன்டர் திறக்கும் நேரமே இங்கே கூட்டத்தைத் தீர்மானிக்கிறது. 2025 ஜனவரி 8 இரவு, வைகுண்ட வாசல் தரிசன டோக்கனுக்காகத் திருப்பதியில் திரண்ட கூட்டத்தில் ஆறு பேர் இறந்தார்கள். கவுன்டர் எங்கே, எத்தனை மணிக்கு என்று தெரியாமல் போடுகிற எந்த ரயில் திட்டமும் எனக்கு அச்சத்தையே தருகிறது.

2023-ல் முழுதாகத் திறந்த ஸ்ரீநிவாச சேது மேம்பாலம் வெளியூர் வண்டிகளுக்கு உதவுகிறது. பையைத் தலையில் வைத்துக்கொண்டு கீழே நடக்கிற பக்தருக்கு அதனால் என்ன?

திருமலைமேல் ரயில் வேண்டாம். காடு, ஆகமம் இரண்டுமே குறுக்கே நிற்கின்றன. 2022 முதல் மின்சாரப் பேருந்துகளும் ஏறுகின்றன. ரயில் அலிபிரியோடு நிற்கட்டும்.

பெரிய தடை மக்கள்தொகைக் கணக்கு. 20 லட்சம் இல்லை என்று கோவை, மதுரை மெட்ரோ அறிக்கைகளையே 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2011 கணக்குப்படி திருப்பதி நகரில் 3 லட்சம் பேர்கூட இல்லை. ஆனால் சாதாரண நாளிலேயே 60,000 பேருக்கு மேல் மலைக்கு வருகிறார்கள். அவர்கள் எந்தக் கணக்கெடுப்பிலும் திருப்பதிக்காரர்கள் இல்லை. மத்திய அரசு 2019-ல் வகுத்த மெட்ரோலைட் என்னும் இலகு ரயில், ஒரு திசையில் மணிக்கு 15,000 பேர் வரை ஏற்றுவதற்கானது. இந்த ஊருக்கு அந்த அளவு போதும்.

எனவே திருப்பதி நகர வளர்ச்சி ஆணையமான துடாவுக்கு உங்கள் பயணிகள் சங்கத்தின் பெயரில் ஒரு மனு எழுதுங்கள். ஆய்வு எப்போது நடந்தாலும், பிரம்மோற்சவ வாரத்திலும் ஒரு சாதாரண வாரத்திலும் இரவு பகலாகக் கணக்கெடுக்க வேண்டும், பக்தர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று கேளுங்கள். தெலுங்கிலேயே எழுதுங்கள். நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்