நான்கு நாடுகளின் நிலத்தடி நீர்

தென்னமெரிக்காவில் பிரேசில், அர்ஜென்டினா, பராகுவே, உருகுவே ஆகிய நான்கு நாடுகளின் அடியில் மணற்பாறைப் படிவம் ஒன்று பரந்து கிடக்கிறது. அதன் பரப்பு ஏறத்தாழ 12 இலட்சம் சதுரக் கிலோமீட்டர். பாறையின் நுண்டுளைகளில் நிறைந்துள்ள அந்நீர், அந்நிலத்துத் தொல்குடிகளான குவாரனி மக்களின் பெயரால் வழங்கப்பெறுகிறது. பிரேசிலின் ரிபெய்ரோ பிரெட்டோ என்னும் பெருநகரம் தன் குடிநீருக்கு இதனையே நம்பியுள்ளது.

இப்படிவத்தின் பெரும்பகுதியை எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட்டுப் பாறை போர்வைபோல் மூடியுள்ளது. மணற்பாறை வெளித்தோன்றும் ஓரங்களிலேயே மழைநீர் எளிதில் உட்புகும். ஆழத்தில் உள்ள நீரோ பல்லாயிரம் ஆண்டுகட்கு முன் பெய்த மழையாகும். அது கெடுமாயின் மீட்டல் அரிது. உருகுவே ஆற்றின் கிழக்குக் கரையில் உருகுவே நாட்டின் சால்ட்டோ நகரமும், மேற்குக் கரையில் அர்ஜென்டினாவின் கொங்கோர்தியா நகரமும் உள்ளன. இரண்டிலும் ஆழ்கிணறுகளின் வெந்நீரால் நீராடு துறைகள் அமைந்துள்ளன. ஒரு கரையினர் மிகுதியாக இறைப்பின், மறுகரைக் கிணறுகளில் நீரழுத்தம் குறையும்.

இம்மணற்பாறைக்கும் கீழே, அதனினும் பழைய களிப்பாறைகளில் எரிவாயு அடங்கியுள்ளது. நீரும் மணலும் வேதிப்பொருள்களும் கலந்த கலவையைப் பேரழுத்தத்துடன் செலுத்திக் களிப்பாறையைப் பிளந்தே அதனை வெளிக்கொணர்தல் வேண்டும். பிளவுகள் ஆழத்திலேயே அடங்கிவிடும் என்று வாயு எடுப்போர் கூறுவர். அது பெரும்பாலும் உண்மையாகலாம். ஆயினும் இடர் பிளவில் மட்டும் இல்லை. கிணற்றுக் குழாய் நீர்ப்பாறையை ஊடுருவியே கீழிறங்குகிறது. அதனைச் சூழ்ந்த சிமிட்டிப் பூச்சு பழுதுபடின், வாயுவும் உவர்நீரும் நன்னீரிற் கலத்தல் கூடும்.

கொங்கோர்தியா அமைந்த எந்த்ரே ரியோஸ் மாநிலம் 2017ஆம் ஆண்டில் இம்முறையைத் தடை செய்தது. அதே ஆண்டில் உருகுவே 4 ஆண்டுகட்கு இதனை நிறுத்தி வைத்தது. பிரேசிலின் பரானா மாநிலம் 2019இல் தடைச் சட்டம் இயற்றியது. எனினும் ஓர் அரசின் சட்டம் அதன் எல்லைக்குள் மட்டுமே செல்லும்.

இக்குறையை ஒருவாறு நிரப்பவல்லது, நான்கு நாடுகளும் 2010இல் கையொப்பமிட்ட குவாரனி உடன்படிக்கை. 2020இல் நடைமுறைக்கு வந்த அவ்வுடன்படிக்கை, கிணறு தோண்டும் முறையை வகுக்கவில்லை. தத்தம் பகுதியின்மேல் அவ்வந்நாட்டுக்கே உரிமை என்கிறது. ஆயினும் எல்லைக்கு அப்பால் தீங்கு விளையக்கூடிய பணியைத் தொடங்கும் நாடு, அண்டை நாடுகளுக்கு அதனை முன்னரே அறிவித்து, அவை ஆராய்தற்கு வேண்டிய செய்திகளையும் அளித்தல் வேண்டும்.