வெளிநாட்டுப் பயணமும் வீட்டு மளிகையும்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

பயணம் என்றால் கட்டுச்சோறு என்பது நம் வீடுகளில் பழகிப்போன ஒன்று. புளியோதரையும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும், தயிர்ச்சோறும் இல்லாமல் நம் பாட்டிமார் இரயில் ஏறியதில்லை. இன்றோ கோடை விடுமுறையில் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்வரும் குடும்பங்கள் பல. அங்கே ஓட்டலில் தங்காமல், சமையலறையோடு கூடிய வீட்டைப் பத்து நாளைக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். கட்டுச்சோறு போய்க் கட்டு மளிகை வந்துவிட்டது எனலாம். இரயிலில் நம் பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அயல்நாட்டு விமான நிலையத்தில் பார்ப்பார்கள். ஆகவே எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்பதையும் மனையியல் பாடம் போல நாம் படித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

“ஊர் சுற்றப் போகிற இடத்திலும் சாம்பாரா?” என்று மாமாக்கள் கேலி செய்வதுண்டு. கேலி செய்தவர்களே மூன்றாம் நாள் இரசம் கேட்பார்கள் என்பது வேறு கதை! போன நாட்டின் உணவை நாளுக்கு ஒரு வேளையாவது சுவைத்துப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் கருத்தும். ஆனால் பல் போன பாட்டிக்கும், சர்க்கரை நோயுள்ள தாத்தாவுக்கும், கைக்குழந்தைக்கும் மூன்று வேளையும் புதிய உணவு ஒத்துக்கொள்ளாது. தவிர, நான்கு பேர் வெளியே உண்ணும் செலவை அப்பாக்கள் ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவதும் உண்மை.

முதலில் கணக்கு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 கிராம் அரிசி, 50 கிராம் பருப்பு என்று வைத்துக்கொண்டால், நான்கு பேருக்குப் பத்து நாளைக்கு 6 கிலோ அரிசியும் 2 கிலோ பருப்பும் ஆகும். அரிசி கிடைக்காத நாடு அநேகமாக இல்லை. எனவே 8 கிலோவைச் சுமப்பது வீண். அதே பத்து நாளைக்குச் சாம்பார்பொடி கால் கிலோ இருந்தால் மிஞ்சும். ஆக, எடை அதிகமாகவும் எங்கும் கிடைப்பதாகவும் உள்ளதை விட்டுவிட்டு, எடை குறைந்ததாகவும் அங்கே தேடினால் கிடைக்காததாகவும் உள்ளதை எடுத்துக்கொள்வதே சிக்கனம். பொடிகள், பெருங்காயம், புளிக்காய்ச்சல், அப்பளம், காபித்தூள், காபி பில்டர் ஆகியவை இவ்வகை. பில்டருக்குள்ளேயே காபித்தூள் பொட்டலத்தை வைத்துவிட்டால் இடமும் மிச்சம்.

இனி விமானத்தின் விதிகள். 2006-ஆம் ஆண்டுக்குப் பிறகு, பெரும்பாலான விமான நிலையங்களில் கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட புட்டியில் திரவம் எதுவும் கொண்டுபோக முடியாது. நெய்யும் எண்ணெய் மிதக்கும் ஊறுகாயும் இக்கணக்கில் திரவமே. அவற்றை இறுக மூடி, இரட்டைப் பையில் கட்டிப் பெரிய பெட்டியில் வைக்க வேண்டும். மிளகாய்ப்பொடியும் கைப்பைக்கு ஆகாது. கொப்பரைத் தேங்காயோ பெரிய பெட்டிக்கே ஆகாது! எண்ணெய்ச் சத்து மிகுந்த கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால், 2022 முதல் நம் நாட்டு விமான நிலையங்களில் அதைத் தடை செய்துள்ளார்கள்.

எல்லாவற்றினும் நாம் அஞ்ச வேண்டிய பொருள் ஒன்று அஞ்சறைப்பெட்டியின் அருகிலேயே இருக்கிறது. அது கசகசா. குருமாவுக்குத் தேங்காயோடு அரைக்கும் இந்த வெண்ணிறப் பொருள், அபினி எடுக்கும் அதே கசகசாச் செடியின் விதை. விதையின் மேல் அபினியின் சுவடு ஒட்டியிருக்கக்கூடும். ஆகவே ஐக்கிய அரபு நாடுகளிலும் சவூதி அரேபியாவிலும் சிங்கப்பூரிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். நமக்கு ஐம்பது கிராம் மசாலா. அவர்களுக்கு அது போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வழக்கு. “தெரியாது” என்று அழுதால் அதிகாரி விட்டுவிடுவார் என்று நம்பிப் போகக்கூடாது. தனியாகக் கட்டிய கசகசாவை நாம் எடுத்து வைத்துவிடுவோம். ஆனால் குருமாப் பொடியில் அரைபட்டுக் கிடப்பது நினைவுக்கு வராது. ஆகவே அந்நாடுகளுக்குப் போகும்போது மசாலாப் பொட்டலத்தின் முகப்பை மட்டும் பார்க்காமல், பின்புறத்தில் சிறிய எழுத்தில் உள்ளவற்றையும் படித்துவிட வேண்டும். அடுத்த வீட்டுக்காரர், “என் மகளுக்கு இதைக் கொடுத்துவிடுங்கள்” என்று தரும் பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்தே வாங்க வேண்டும். அதில் மனத்தாங்கலுக்கு இடமில்லை.

உண்மையில் சிங்கப்பூருக்கு மளிகையே வேண்டாம் எனலாம். சிராங்கூன் சாலையிலும் தேக்கா சந்தையிலும் முருங்கைக்காய், கறிவேப்பிலை, இட்லி மாவு வரை எல்லாம் விற்கிறார்கள். தமிழிலேயே கேட்டு வாங்கலாம்.

ஆஸ்திரேலியா அப்படியன்று. 2020-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அரிசி, கோதுமை, துவரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, தனியா, சீரகம், சோம்பு, காய்ந்த மிளகாய் ஆகியவற்றைப் பயணிகள் பெட்டியில் கொண்டுவருவதை அந்நாடு தடுத்துள்ளது. தொழிற்சாலையில் வறுத்தோ வேகவைத்தோ பொதிந்த பண்டங்களுக்கு விலக்கு உண்டு. அம்மா வீட்டு வாணலியில் வறுத்த பருப்புக்கு இல்லை. பட்டியலைப் படித்தால் நம் சமையலறையையே எழுதி வைத்தாற்போல இருக்கிறது. ‘நம்மீது இவர்களுக்கு ஏன் இவ்வளவு வெறுப்பு?’ என்று தோன்றுவது இயல்பே. காரணம் மனிதர் அல்லர். காப்ரா வண்டு என்னும் சிறு பூச்சி.

டிரோகோடெர்மா கிரனேரியம் என்பது அதன் அறிவியற் பெயர். வளர்ந்த வண்டு மூன்று மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும், பறக்கவும் பறக்காது. தீங்கு செய்வது உடலெல்லாம் மயிர் நிறைந்த அதன் புழு. தானியத்தைத் தின்று தூளாக்குவதோடு, உரித்த தோலையும் மயிரையும் அதில் விட்டு, மிஞ்சியதையும் உண்ணத் தகாததாக்கிவிடுகிறது. உணவு கிடைக்காவிட்டால் சுவர்ப் பிளவிலும் சாக்கு மடிப்பிலும் ஒளிந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்க வல்லது. இந்தியத் துணைக்கண்டமே இதன் தாயகம் எனக் கருதுகிறார்கள். அமெரிக்காவில் 1953-இல் கலிபோர்னியாவின் கிடங்குகளில் இது கண்டுபிடிக்கப்பட்டது. கட்டடங்களை முழுவதுமாகப் போர்த்தி நச்சுப்புகை செலுத்தி, 1966 வரை போராடி, ஒரு கோடி டாலருக்கு மேல் செலவிட்டு ஒழித்தார்கள். நம் பாட்டி ஆசையாய்க் கட்டிக் கொடுத்த ஒரு கிலோ துவரம்பருப்பு அந்நாட்டு உழவர்களுக்கு எவ்வளவு செலவு வைக்கக்கூடும் என்பதை இதிலிருந்து அறியலாம். அமெரிக்காவும் 2011 முதல், இவ்வண்டு உள்ள நாடுகளிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவருவதைத் தடுத்துவிட்டது.

அப்படியானால் ஆஸ்திரேலியாவில் என்ன உண்பது? சிட்னியில் ஹாரிஸ் பார்க், மெல்போர்னில் டாண்டினாங் போன்ற இடங்களில் இந்திய மளிகைக் கடைகள் உள்ளன. பருப்பும் மிளகாயும் அங்கே வாங்கிக்கொள்ளலாம். கொண்டுபோகும் உணவு எதுவானாலும், ஒரு பாக்கெட் காபித்தூளாக இருந்தாலும், விமானத்தில் தரும் வருகை அட்டையில் ‘உணவு இருக்கிறது’ என்று குறித்துவிட வேண்டும். சிலர் குறித்தால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அஞ்சி ‘இல்லை’ என்று எழுதி, பொட்டலத்தைச் சேலை மடிப்புக்குள் வைக்கிறார்கள். இதில் இலாபம் ஒன்றுமில்லை. குறித்துக் காட்டிய பொருள் ஆகாதது என்றால் பொருள் மட்டும் போகும். மறைத்த பொருளை ஊடுகதிர்க் கருவியோ பயிற்சி பெற்ற நாயோ கண்டுபிடித்தால் அபராதம். விசாவே இரத்தாவதும் உண்டு. நியூசிலாந்தில் இதற்கு அவ்விடத்திலேயே 400 டாலர் அபராதம். அந்நாட்டுக்குத் தேனும் கொண்டுபோகக்கூடாது.

ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளுக்கு இறைச்சியும் பாற்பண்டங்களும் ஆகா. ஆகவே நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். காய்கனிகளுக்கு நலச்சான்று கேட்பார்கள். கறிவேப்பிலைக்கும் இது பொருந்தும். வியப்பு என்னவென்றால், சான்று வேண்டாத ஐந்து கனிகளில் நம் வாழையும் தேங்காயும் இடம் பெற்றிருக்கின்றன. மற்றவை அன்னாசி, பேரீச்சை, துரியன். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், புறப்படுமுன் அந்தந்த நாட்டு அரசின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பெட்டியில் உள்ள உணவுப் பொருள்களை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி மேலாக வைத்துவிட்டால் அதிகாரியின் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. ‘வடாம்’ என்பதை ஆங்கிலத்தில் விளக்க நாங்கள் முயன்று பார்த்தோம். மூன்று வரி ஆயிற்று!

திரும்பி வரும்போதும் இதே கவனம் வேண்டும். “அங்கே பூச்செடி விதை அழகாயிருக்குமாம், வாங்கி வா” என்று சொல்லும் அத்தைமார் எல்லா வீட்டிலும் உண்டு. நம் நாட்டிலும் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, அனுமதியின்றி விதையோ செடியோ கொண்டுவர முடியாது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் காணப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களை அது வெள்ளையாக மூடிவிட்டது. மருந்து தெளித்துப் பார்த்தும் தீரவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அப்பூச்சியை அழிக்கும் சிறு குளவியை வரவழைத்து வளர்த்து விட்ட பிறகே நம் உழவர்களின் தோட்டங்கள் மீண்டும் பச்சையாயின.