வீட்டு மருந்துக் கணக்கு



"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது பழமொழி. நோய் வந்துவிட்டால்? வீட்டில் யாருக்கு முதலில் மருந்து வாங்குகிறோம்?

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு மாதம் எங்கள் வீட்டு மருந்துச் செலவை எழுதி வந்தேன்.

தம்பி (காய்ச்சல், இருமல்) – ரூ.360
அப்பா (முதுகுவலி) – ரூ.220
ஆச்சி (கண் சொட்டு மருந்து) – ரூ.85
நான் (தலைவலி) – ரூ.15
அம்மா – ரூ.0
மொத்தம் – ரூ.680

அம்மாவுக்கு நோயே இல்லை என்று நினைக்காதீர்கள். ரத்தக் கொதிப்பு இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம்தான். ஆனால் போய் வர அரை நாள் ஆகும். அரை நாள் பீடி சுற்றாவிட்டால் கூலி போச்சு. அதனால் இருக்கிற மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்துப் போட்டு நாளை ஓட்டினாங்க. கேட்டால், "எனக்கு ஒண்ணும் செய்யலட்டி, தம்பிக்கு மொதல்ல பாரு" என்பாங்க.

தாமிரபரணி வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் கடைசியில்தான் வரும். வீட்டில் கடைமடை அம்மாதான்!

தோசையைப் பாதியாகப் பிய்த்தால் அரை வயிறாவது நிறையும். மாத்திரை அப்படி இல்லை. டாக்டர் சொன்ன அளவு போட்டால்தான் கொதிப்பு கட்டுப்படும். குறைத்தால் வெளியே வலி தெரியாது. உள்ளே மூளை, இதயம், சிறுநீரகம் கெட்டுப்போகும். பக்கவாதமும் வரலாம்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 சதவீதம். மாதவிடாயும் பிரசவமும் ஒரு காரணம். எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சத்தைச் சாப்பிடுவதும் ஒரு காரணம். நாமோ பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே எறிகிறோம்! சாப்பிட்ட பிறகு போட்டால் வயிற்றைப் புரட்டாது. டீயோடு சேர்த்துப் போடக் கூடாது.

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தை மொத்தமாக, மலிவாக வாங்கித் தர 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டது. மாத்திரைக்கு விலை இல்லை. ஆனால் போய் வாங்கும் நேரத்துக்கு விலை உண்டே! அதனால்தான் 2021 ஆகஸ்ட் 5-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்தார்கள்.

என் கணக்கை அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் அந்தப் பூஜ்யத்தையே பார்த்தாங்க. அடுத்த வாரம் அம்மாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அவுகளே சுகாதார நிலையத்துக்குப் போனாங்க. அம்மாவின் அன்றைய பீடியில் பாதியை ஆச்சியும் நானும் சுற்றிக் கொடுத்தோம்.

எல்லோருக்கும் சமமாகச் செலவு செய்வது நியாயம் ஆகாது. யாருக்கு நோயோ அவருக்கு மருந்து, அதுவும் முழு அளவு. அதுதான் நியாயம்.

நீங்களும் ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். யார் பெயருக்கு நேரே பூஜ்யம் வருகிறது? அவரிடம் போய், "உங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேளுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி