கழிவுநீரும் கட்டடத் தடையும்: ஒரு சங்கத்தின் மனு நமக்குக் கற்றுத் தரும் பாடம்



மனுக் கொடுப்பது நம் சங்கங்களுக்குப் புதிய வேலை அல்ல. வரி கூடினால் மனு, உரிமக் கட்டணம் ஏறினால் மனு, கடைத்தெருவில் சாக்கடை பொங்கினால் மனு. அவற்றில் சில பலிக்கின்றன. பல, கோப்புக்குள் உறங்கிப் போகின்றன. நியாயம் நம் பக்கம் இருந்தும் மனு தோற்பது ஏன்? இங்கிலாந்தில் வீடு கட்டுவோர் சங்கத்துக்கு ஏற்பட்ட அனுபவம் இந்த வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது. கட்டட வேலை நின்றால் சிமெண்ட், கம்பி, குழாய், பெயிண்ட், மின்சாதனம் விற்கும் கடைகளிலும் வியாபாரம் நிற்கும். ஆகவே இது கட்டுநர் கதை மட்டுமன்று, நம் கதையும்தான்.

தடை வந்த விதம்

2018 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் நெதர்லாந்து நாட்டு வழக்கு ஒன்றில் தீர்ப்பு வழங்கியது. பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி ஏற்கெனவே கெட்ட நிலையில் இருந்தால், அங்கே மேலும் சுமை சேர்க்கும் செயல்களுக்கு அனுமதி தருவதற்கு மிகக் குறைந்த இடமே உண்டு என்பது அதன் சாரம். இதையொட்டி, இங்கிலாந்து அரசின் இயற்கைப் பாதுகாப்பு ஆலோசனை அமைப்பான 'நேச்சுரல் இங்கிலாந்து', 2019 முதல் சில உள்ளாட்சி மன்றங்களுக்கு அறிவுரை அனுப்பியது. புதிய வீடுகளால் ஆற்றில் நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகள் சிறிதும் கூடாது என்று உறுதி செய்த பின்னரே கட்டட அனுமதி தர வேண்டும் என்றது அந்த அறிவுரை. 2022 மார்ச்சில் இது 74 உள்ளாட்சி மன்றங்களுக்கு விரிந்தது.

இந்த இரு சத்துகளும் நம் வயலுக்கு இடும் உரத்தில் இருப்பவையே. ஆற்றில் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் பாசி மண்டும். பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறையும், மீன் சாகும். சாதாரண சுத்திகரிப்பு நிலையம் குப்பையை வடிகட்டி, கசடைப் படியவிட்டு, காற்றூட்டிக் கிருமிகளைக் கொண்டு அழுக்கை அழிக்கும். ஆனால் இச்சத்துகளில் பெரும்பகுதி அதில் தப்பிவிடும். பாஸ்பரசை நீக்க இரும்பு உப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். நைட்ரஜனை நீக்கக் காற்றில்லாத் தொட்டி ஒன்று வேண்டும். இவை எல்லா நிலையங்களிலும் இல்லை.

ஒரு கணக்கு

வணிகருக்குக் கணக்கே தெளிவு. 100 வீடுகள் கட்டுவதாகக் கொள்வோம். வீட்டுக்கு 2.4 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 120 லிட்டர் நீர் என்றால், ஒரு நாளைய கழிவுநீர் 28,800 லிட்டர். சுத்திகரித்த நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 10.5 கிலோ ஆற்றில் கலக்கும். நிலையத்தைச் சீர்செய்து லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் ஆக்கினால், அது சுமார் 2.6 கிலோவாகக் குறையும். வீடும் அதே, மக்களும் அதே. நிலையத்தின் தரம் உயர்ந்ததும் சுமை நாலில் ஒன்றாகிவிடுகிறது.

இச்சுமையைக் கட்டுநர் வேறோர் இடத்தில் ஈடுசெய்ய வேண்டும். வைட் தீவில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஒன்று பண்ணை ஒன்றை வாங்கி, உரமிடுவதை நிறுத்தி, அதனால் குறையும் நைட்ரஜனைக் கணக்கிட்டுக் கட்டுநருக்கு விற்றது. இத்தகைய ஈடு கிடைக்காத ஊர்களில் அனுமதி நின்றது. பல மாவட்டங்களில் மனை வைத்திருக்கும் பெரிய நிறுவனம் வேறு ஊருக்குப் போய்க் கட்டலாம். ஒரே ஊரை நம்பியிருக்கும் சிறு கட்டுநர் எங்கே போவார்?

சங்கத்தின் வாதம்

வீடு கட்டுவோர் கூட்டமைப்பான 'ஹோம் பில்டர்ஸ் ஃபெடரேஷன்' இதை எதிர்த்து வலுவாகக் குரல் கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் தடைபட்டுள்ளன என்றது. ஆற்றின் கேட்டுக்குப் பெருங்காரணம் விவசாய உரமும், தண்ணீர் நிறுவனங்கள் சரிவரச் சுத்திகரிக்காததுமே. புதிய வீடுகளின் பங்கு மிகச் சிறிது. அப்படியிருக்கத் தண்டனை மட்டும் எங்களுக்கா என்று கேட்டது.

இதில் நியாயம் உண்டு. அந்நாட்டில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொறுப்பு தண்ணீர் நிறுவனங்களுடையது. புதிய வீட்டு இணைப்புக்கு அவை கட்டணமும் பெறுகின்றன. மேலும், பொதுக் கழிவுநீர்க் குழாயில் இணைப்புப் பெறுவது மனை உரிமையாளரின் உரிமை. கொள்ளளவு போதாது என்று சொல்லி நிறுவனம் மறுக்க முடியாது. 2009இல் வேல்ஸ் பகுதி வழக்கு ஒன்றில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதனால் தடுப்பதற்கு மிஞ்சிய ஒரே வாசல் கட்டட அனுமதி. சுமை முழுவதும் அந்த வாசலில் வந்து விழுந்தது.

ஒரே மசோதா, இரண்டு பிரிவுகள்

நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது இனி நடந்ததைத்தான். அரசு கொண்டுவந்த வட்டார மேம்பாட்டு மசோதா ஒன்றில், கழிவுநீரைத் தொட்டு இரண்டு பிரிவுகள் இடம்பெற்றன.

முதற் பிரிவு, பாதிக்கப்பட்ட பகுதிகளில் 2,000 பேருக்கும் அதற்கு மேலும் பயன்படும் சுத்திகரிப்பு நிலையங்களைத் தண்ணீர் நிறுவனங்கள் 2030 ஏப்ரல் 1க்குள் சீர்செய்ய வேண்டும் என்றது. அந்தந்தப் பகுதியின் கேட்டுக்கு ஏற்ப, பாஸ்பரஸ் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம், நைட்ரஜன் 10 மில்லிகிராம் என அளவையும் குறித்தது. இரண்டாம் பிரிவை 2023 ஆகஸ்ட் இறுதியில் அரசு அறிவித்தது. கட்டட அனுமதி தரும்போது இச்சத்துகளின் பாதிப்பை உள்ளாட்சி மன்றம் கணக்கில் கொள்ள வேண்டியதில்லை என்பது அதன் பொருள். கட்டுநர் சங்கம் இதை மகிழ்ந்து வரவேற்றது.

முடிவு என்ன? இது சுற்றுச்சூழல் பாதுகாப்பைக் குறைத்துவிடும் என்று, அரசே அமைத்த கண்காணிப்பு அமைப்பு எச்சரித்தது. 2023 செப்டம்பரில் பிரபுக்கள் சபை இரண்டாம் பிரிவைத் தள்ளுபடி செய்தது. முதற் பிரிவோ நிலைத்து, 2023 அக்டோபரில் சட்டமாயிற்று. நிலையங்கள் குறித்த நாளில் சீராகிவிடும் என்று கொண்டே, 2030க்குப் பிந்திய சுமையைக் கணக்கிடவும் அச்சட்டம் வழி செய்தது. அதாவது, நாம் மேலே போட்ட கணக்கில் 10.5 கிலோவுக்கு நெடுங்காலம் ஈடு தேட வேண்டியவர், 2030க்குப் பின் 2.6 கிலோவுக்குத் தேடினால் போதும். பின்னர் 2025இல் வந்த திட்டமிடல் சட்டமும் விலக்குத் தரவில்லை. கட்டுநர் நிதிக்குப் பணம் கட்டுவது, பரிகார வேலையை ஒட்டுமொத்தமாகச் செய்வது என்ற வழியையே அது எடுத்தது.

'எங்களை விட்டுவிடுங்கள்' என்ற பிரிவு விழுந்தது. 'இன்ன வேலையை, இன்னார், இன்ன தேதிக்குள் செய்க' என்ற பிரிவு நின்றது. பாடம் இதுவே.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

முதலாவது, நம் பங்கை நாமே முதலில் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். பங்கு சிறிது என்றால் எவ்வளவு என்று எண்ணில் காட்ட வேண்டும். நிரம்பிய குடத்தில் ஒரு கரண்டி நீர் ஊற்றினாலும் வழியும். 'என் கரண்டி சிறியது' என்பது மட்டும் விடையாகாது.

இரண்டாவது, விலக்குக் கேட்பதைவிட வேலையைக் கேட்பது வலிமையானது. விலக்குக் கேட்டால் பொதுமக்கள் எதிரணியில் நிற்பர். சுத்திகரிப்பு நிலையம் கேட்டால் மீனவரும் குடியிருப்போரும் நம் பக்கம் நிற்பர்.

மூன்றாவது, செலவை மறைக்கக் கூடாது. இங்கிலாந்தில் நிலையங்களைச் சீர்செய்யும் செலவு கடைசியில் மக்களின் தண்ணீர்க் கட்டணத்தில்தான் வந்து சேரும். யார் எவ்வளவு ஏற்பது என்று முன்கூட்டியே பேசும் சங்கத்துக்கே மதிப்பு உண்டு.

நான்காவது, சிறிய உறுப்பினரை முன்னிறுத்தி மனு எழுத வேண்டும். தாமதம் பெரியவருக்கு நட்டம். சிறியவருக்குக் கடை மூடல்.

நம் கடைத்தெருவுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். சாக்கடை அடைப்புக்கு உணவு விடுதிகளின் எண்ணெய்ப் பிசுக்கும் ஒரு காரணம். 'நகராட்சி தூர்வார வேண்டும்' என்று மட்டும் எழுதினால், 'முதலில் நீங்கள் எண்ணெய் ஊற்றுவதை நிறுத்துங்கள்' என்ற பதில் வரும். 'எங்கள் உறுப்பினர் அனைவரும் மூன்று மாதத்தில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி அமைப்போம். நகராட்சி அதே மூன்று மாதத்தில் தூர்வாரித் தர வேண்டும்' என்று எழுதிப் பாருங்கள். அந்த மனுவைத் தள்ளுவது எளிதன்று.

அடுத்த கூட்டத்தில் விவாதிக்க

1. சென்ற ஆண்டு நம் சங்கம் கொடுத்த மனுக்களில் எத்தனை விலக்குக் கேட்டவை? எத்தனை, வேலையும் தேதியும் குறித்தவை?

2. நம் தெருவின் கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது? அதில் கடைகளின் பங்கு எவ்வளவு?

3. அந்தப் பங்கைக் குறைக்க, நாம் செலவிட ஒப்பும் தொகை என்ன?

இம்மூன்றுக்கும் விடை எழுதிக்கொண்டு பிறகு மனு எழுதுவோம். நியாயம் நம் பக்கம் இருப்பது பாதி பலம். அதை முறையாகக் கேட்பது மறுபாதி.