டயாலிசிஸ் மெஷினில் ரத்தம் உறைவது யார் குற்றம்?

டயாலிசிஸ் பாதியில் நிற்கிறது. “ஃபில்டர் கட்டிப்போச்சு, மாத்தணும்” என்கிறார் டெக்னீஷியன். வெளியே காத்திருக்கும் உறவினர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லத் தொடங்குகிறார்கள். அப்படி உலவும் ஐந்து நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: ரத்தம் கெட்டுப்போய், கெட்டியாக இருந்தால்தான் உறையும்.

உண்மை: நல்ல ஆரோக்கியமானவரின் ரத்தமும் டயாலிசிஸ் மெஷினின் பிளாஸ்டிக் குழாயில் உறையத்தான் செய்யும். நம் ரத்தநாளங்களின் உட்சுவர் செல்கள், உறைதலைத் தடுக்கும் பொருட்களை ஓயாமல் சுரக்கின்றன. பிளாஸ்டிக்குக்கு அந்தத் திறன் கிடையாது. ரத்தம் அதைத் தொட்ட சில நொடிகளிலேயே ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் அதன்மீது படிகின்றன, தட்டணுக்கள் வந்து ஒட்டுகின்றன, உறைதல் தொடங்கிவிடுகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் தட்டணுக்கள் சரிவர வேலை செய்யாததால் ரத்தக்கசிவு எளிதில் ஏற்படும். அவர்களுடைய ரத்தம்கூட மெஷினில் உறைகிறது. ஆனால், உடலிலிருந்து ஒரே முறையில் நிறைய நீரை எடுக்க வேண்டியிருந்தால், ரத்தம் செறிவடைந்து உறையும் வாய்ப்பு கூடும் என்பது மெய்.

நம்பிக்கை 2: மெஷின் பழசு, அதனால்தான் உறைகிறது.

உண்மை: இது டயாலிசிஸ் பிறந்த நாளிலிருந்தே இருக்கும் சிக்கல். 1924இல் ஜெர்மனியின் கீசன் நகரில் முதன்முதலாக மனிதருக்கு டயாலிசிஸ் செய்த கியோர்க் ஹாஸ், அட்டைப்பூச்சியிலிருந்து எடுத்த ஹிருடினைத்தான் உறையாமலிருக்கப் பயன்படுத்தினார். 1943இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் உருவாக்கிய செயற்கைச் சிறுநீரகத்துக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் என்ற மருந்து கைகொடுத்தது. இன்றைய ஃபில்டர்கள் எவ்வளவோ மேம்பட்டவை. ஆனாலும் ரத்தநாளச் சுவருக்கு ஈடாகவில்லை. அடிக்கடி உறைந்தால் முதலில் பார்க்க வேண்டியவை: டயாலிசிஸுக்கு ரத்தம் எடுக்கும் ஃபிஸ்டுலாவிலோ கதீட்டரிலோ ரத்த ஓட்டம் குறைகிறதா, அலாரம் அடித்துப் பம்ப் அடிக்கடி நிற்கிறதா, ஹெப்பாரின் அளவு போதுமா என்பவைதான்.

நம்பிக்கை 3: உறைந்தாலும் ஹெப்பாரின் ஊசி போட்டால் கரைந்துவிடும்.

உண்மை: ஹெப்பாரின் கட்டியைக் கரைக்காது. நம் ரத்தத்திலேயே இருக்கும் ஆன்டித்ராம்பின் என்ற தடுப்புப் புரதத்தின் வேகத்தைக் கூட்டிப் புதிய கட்டி உருவாகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. அதனால்தான் தொடக்கத்திலேயே கொடுக்கிறார்கள். முழுவதும் உறைந்துவிட்டால் ஃபில்டரிலும் குழாய்களிலும் இருக்கும் சுமார் 150 முதல் 250 மில்லி ரத்தத்தைத் திருப்பிச் செலுத்த முடியாது. ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவருக்கு இது சிறிய இழப்பு இல்லை.

நம்பிக்கை 4: ஹெப்பாரினைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்டால் பாதுகாப்பு.

உண்மை: மருந்து குழாயோடு நிற்பதில்லை, உடல் முழுவதும் போகிறது. வயிற்றுப்புண்ணிலோ மூளையிலோ கசிவு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு ஹெப்பாரின் இல்லாமலேயே, 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை சலைன் செலுத்திக் குழாயை அலசியபடி டயாலிசிஸ் செய்வதுண்டு. அரிதாகச் சிலருக்கு, ஹெப்பாரின் தொடங்கிய 5 முதல் 10 நாட்களில் தட்டணுக்கள் பாதிக்கும் கீழே சரிந்து, உடலுக்குள்ளேயே ரத்தம் உறையும். அவர்களுக்கு அந்த மருந்தை உடனே நிறுத்தியாக வேண்டும்.

நம்பிக்கை 5: எக்மோவில் ரத்தம் உறைந்தால் அது கவனக்குறைவு.

உண்மை: 2016 டிசம்பரில் ஜெயலலிதாவுக்குப் பொருத்தப்பட்டபோது தமிழகம் முழுக்கப் பரவிய பெயர் எக்மோ. டயாலிசிஸ் போலவே ரத்தத்தை வெளியே எடுத்து, இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் கருவி அது. டயாலிசிஸ் நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். எக்மோ நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஓடும். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் அதன் ஆக்சிஜனேட்டரில் ரத்தம் உறையும் அதே வேளையில், நோயாளிக்கு மூக்கிலும் தொண்டையிலும் ரத்தம் கசியலாம். பம்பின் விசையில் வான் வில்லபிராண்ட் என்ற உறைதல் புரதம் சிதைவதும் தட்டணுக்கள் குறைவதும் இந்தக் கசிவுக்குக் காரணம். எனவே ஒரே நாளில் பலமுறை ரத்தத்தைப் பரிசோதித்து மருந்தின் அளவை மாற்றுகிறார்கள். தேவைப்பட்டால் ஆக்சிஜனேட்டரையே மாற்றுகிறார்கள்.

டயாலிசிஸில் ஹெப்பாரின் அளவு ஆளுக்கு ஆள் மட்டுமல்ல, நாளுக்கு நாளும் மாறும். மலம் கருப்பாகப் போவது, கீழே விழுந்து தலையில் அடிபட்டது, மாதவிடாயில் அதிகப் போக்கு, பல் பிடுங்கப் போவது, ஆஸ்பிரின் சாப்பிடுவது, போன முறை ஃபில்டர் உறைந்தது ஆகியவற்றில் எது இருந்தாலும் ஊசி குத்துவதற்கு முன்பே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.